கசிவைக் கண்டவன் கடமை

செஞ்சிக்கோட்டைக்கு அதிகத் தொலைவில்லாத பனமலையில், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கற்கோயில் நிற்கும் குன்றை ஒட்டிப் பெரியதோர் ஏரி உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது நிறைந்திருக்கும்போது கரைமேல் நடப்பது எனக்கு விருப்பமானது. ஒருநாள் அவ்வாறு நடக்கையில் முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, கரையின் வெளிச்சரிவில் ஈரம் படிந்த ஓர் இடத்தைக் காட்டினார். “நண்டு வளை, சாமி. இப்போ கையளவுதான். ராத்திரி முழுக்க விட்டுட்டா, காலையில கீழ இருக்கிற பயிர் இருக்காது” என்றார். பின்னர் அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் தைத்தது. ஏரி உடைந்தால் ஊரார் மழையைக் குறை கூறமாட்டார்களாம். கசிவை முதலில் கண்டவன் யார், கண்டவன் ஏன் கூவவில்லை என்றே கேட்பார்களாம்.

கூவ வேண்டிய நேரத்தில் கூவாதிருப்பது எப்போது குற்றமாகிறது? இக்கேள்வியை எண்ணும்போதெல்லாம் நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் உயர்ந்து நின்று வீழ்ந்த ஒரு வங்கியாளரின் வரலாறு என் நினைவுக்கு வருகிறது. அதனை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் வணிகம் என்றால் மூன்று பெயர்களே முதலில் நினைவுக்கு வந்தன: பாரி, பின்னி, ஆர்பத்நாட். இம்மூன்றிலும் மிக உறுதியானது என மக்கள் கருதியது ஆர்பத்நாட் கம்பெனியைத்தான். 1810-இல் வேறொரு பெயரில் தொடங்கிய அந்நிறுவனம் வணிகத்தோடு வங்கித் தொழிலையும் நடத்தியது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்று வட்டி தந்தது. ஓய்வூதியம் பெற்ற அலுவலர், விதவையர், வழக்கறிஞர், நிலக்கிழார் எனப் பலதரப்பட்டோர் தம் வாழ்நாள் சேமிப்பை அங்கே வைத்தனர். பணத்தை வீட்டுப் பெட்டியில் வைப்பதைவிட ஆர்பத்நாட்டில் வைப்பது மேல் என்பது அன்றைய சென்னையின் நம்பிக்கை.

அதன் தலைவராக இருந்தவர் சர் ஜார்ஜ் கஃப் ஆர்பத்நாட். சென்னை வணிகச் சங்கத்தின் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். அரசரிடமிருந்து ‘சர்’ பட்டம் பெற்றவர். இத்தகைய ஒருவரிடம் கணக்கைக் காட்டும்படி எந்தக் குமாஸ்தா கேட்பான்? அவருடைய பெயரே கணக்கு. அவருடைய முகமே பிணை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், லண்டனில் அந்நிறுவனத்தின் கூட்டாளியாக இருந்து அங்குள்ள வணிகத்தை நடத்திவந்த மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். அவர் ஊக வணிகத்தில் இறங்கிப் பெரும் இழப்பை ஏற்படுத்தியிருந்தார். அதனைத் தொடர்ந்து அக்டோபர் 22, திங்கட்கிழமையன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனியின் கதவுகள் மூடப்பட்டன. அவை மீண்டும் திறக்கவேயில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் ஏழைகளாயின. பின்னி கம்பெனியும் அதே நெருக்கடியில் தள்ளாடிப் பிறர் கைக்கு மாறியது. கணக்குகள் ஆராயப்பட்டபோது, வெளியே கம்பீரமாக நின்ற அந்த மாளிகை உள்ளே எப்போதோ உளுத்துப்போயிருந்தது தெரிய வந்தது. சர் ஜார்ஜ் மீது வழக்குத் தொடரப்பட்டது. மோசடிக் குற்றத்திற்காக அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளையர் ஆட்சியில் வெள்ளைப் பெருமகன் ஒருவர் சிறை சென்றது அன்று வியப்பூட்டிய செய்தி. ஆனால் சேமிப்பை இழந்த விதவைக்கு அந்த வியப்பு சோறு போடவில்லை.

இத்தகைய வரலாற்றைப் படிக்கும்போது, ‘பேராசை பெருநட்டம்’ என்று கூறிப் புத்தகத்தை மூடிவிடுவது எளிது. அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. சர் ஜார்ஜ் ஒருநாள் காலையில் எழுந்து, ‘இன்று ஊரை ஏமாற்றுவேன்’ என்று உறுதி பூண்டவராக இருக்க முடியாது. இழப்பு என்பது பாவமன்று. வணிகத்தில் கப்பல் மூழ்கலாம், பருவம் பொய்க்கலாம், கூட்டாளி கெடுக்கலாம். கடன்பட்டவன் வேறு, வஞ்சகன் வேறு. அப்படியானால் கடன்பட்டவன் எந்தக் கணத்தில் வஞ்சகனாகிறான்?

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றபோது, புனித தாமஸ் அக்குவினாஸ் எழுப்பும் ஒரு கேள்வியை எங்கள் பேராசிரியர் விரிவாக விளக்கினார். விற்பவன் தன் பொருளிலுள்ள குறையை வாங்குபவனிடம் சொல்ல வேண்டுமா? குறை கண்ணுக்குத் தெரிவதாயின், எடுத்துக்காட்டாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால், அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொண்டால் போதும், வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை என்பார் அவர். ஆனால் குறை மறைந்திருந்து, வாங்குபவனுக்குக் கேட்டையோ இழப்பையோ விளைவிக்குமாயின், அதைச் சொல்லாமல் விற்பது அநீதி.

அவ்விடத்தில் அவர் வேறொரு பழைய வழக்கையும் எடுத்துக்கொள்கிறார். அது உரோமைச் சிந்தனையாளர் சிசரோ விவாதித்த வழக்கை ஒத்தது. உரோதுத் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் கோதுமைக் கப்பலோடு முதலில் வந்து சேருகிறான். தனக்குப் பின்னால் மேலும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், தீவினருக்குத் தெரியாது. அதை அவன் சொல்ல வேண்டுமா, அல்லது சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்கலாமா? சொல்லியே ஆக வேண்டும் என்பது சிசரோவின் முடிவு. அக்குவினாஸ் சற்றே இளகுகிறார். நாளை விலை குறையும் என்பது வரப்போகும் செய்தி. இன்றைய விலைக்கு விற்பவன் நீதிக்கு எதிராக எதையும் செய்யவில்லை. சொன்னால் அது மேலான நற்பண்பாக இருக்கும், அவ்வளவே. இன்று உள்ள குறையை மறைப்பது வேறு. நாளை வரக்கூடியதைச் சொல்லாதிருப்பது வேறு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வங்கியாளரின் மனச்சான்று தஞ்சம் புகுவது இந்த இடைவெளியில்தான். ‘என் நிறுவனம் நொடித்துவிடவில்லை, நெருக்கடியில் இருக்கிறது, அடுத்த ஆண்டு இலாபம் வரும், எல்லாவற்றையும் அடைத்துவிடுவேன்’ என்று அவன் தனக்குத்தானே கூறிக்கொள்கிறான். இன்றைய குறையை நாளைய ஐயம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறான். பொய்களில் மிகக் கொடியது பிறரிடம் சொல்வதன்று, தன்னிடமே சொல்லிக்கொள்வது.

ஆனால் அவன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை நாம் கேட்டேயாக வேண்டும். குதிரை நொண்டி என்று சொல்வதால் குதிரை நொண்டியாவதில்லை. வங்கி அப்படிப்பட்டதன்று. ‘என் வங்கி தள்ளாடுகிறது’ என்று வங்கியாளர் வாய்திறந்தால், அன்று மாலைக்குள் அனைவரும் பணத்தைக் கேட்டு வாசலில் நிற்பர்; பிழைத்திருக்கக்கூடிய வங்கியும் மறுநாள் செத்துவிடும். முந்தி வந்தவர் பெற்றுக்கொள்வர். தொலைவிலிருக்கும் ஏழை வந்து சேர்வதற்குள் பெட்டி காலியாகிவிடும். அப்படியானால் மௌனமாக இருந்து வங்கியைக் காப்பது அன்றோ அறம்?

நெடுநாள் இக்கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. இப்போது என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது: மௌனத்திற்கு ஒருவேளை இடமுண்டு, கை நீட்டுவதற்கு இடமில்லை. கசிவு உண்டென்று அறிந்த பின், ஊரெல்லாம் பறைசாற்றாமல் அடைக்க முயல்வது விவேகமாக இருக்கலாம். ஆனால் அதே வேளையில் புதிதாக ஒருவர் கொண்டுவரும் பணத்தைப் புன்னகையோடு வாங்கிப் பெட்டியில் போடுவது விவேகமன்று, களவு. உடையும் கரையின் அடியில் குடிசை போட ஒருவனை அழைப்பது போன்றது அது. பழைய வைப்பாளர்களுக்கு வந்த இழப்பு விபத்தாக இருக்கலாம். அறிந்த பின் வாங்கிய முதல் ரூபாய் விபத்தன்று. கடன்பட்டவன் வஞ்சகனாகும் கணம் அதுவே. ஆர்பத்நாட்டின் வரலாற்றில் அந்த முதல் ரூபாயை எந்த எழுத்தர் எந்த நாளில் வரவு வைத்தாரோ, கடவுளே அறிவார். ஆனால் அப்படி ஒரு நாள் இருந்திருக்க வேண்டும். அன்றும் வழக்கம்போலக் கதவு திறந்தது. காவலன் வணக்கம் செலுத்தினான். ஒருவர் பணம் கட்டிவிட்டு நிம்மதியோடு வீடு திரும்பினார்.

அந்த வீழ்ச்சியிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர் பணத்தைக் காக்க நம்மவர் வங்கி ஒன்று வேண்டும் என்று முனைந்தார். நகரத்தார் பெருமக்கள் துணை நின்றனர். 1907 ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. ஆனால் வரலாறு நம்மை எளிதில் ஆறுதல் கொள்ள விடுவதில்லை. வஞ்சனையின் சாம்பலில் பிறந்த அவ்வங்கியே 1995-96ஆம் நிதியாண்டில் 1,336 கோடி ரூபாய் இழப்பைக் கணக்குக் காட்டியது. திரும்ப வராத கடன்களை வாரி வழங்கியதற்காக அதன் முன்னாள் தலைவர் மீது வழக்குகள் தொடரப்பட்டு, நீதிமன்றத் தண்டனையும் விதிக்கப்பட்டது. வங்கி அரசுடைமையாக இருந்ததால் வைப்பாளர்கள் தப்பினர். வங்கியும் பின்னர் நிமிர்ந்தது. வெள்ளையர் போய் நம்மவர் வந்ததால் மனித இதயம் மாறிவிடவில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று.

சட்டங்கள் வளர்ந்துள்ளன, அதை நன்றியோடு ஏற்க வேண்டும். 1935-இல் ரிசர்வ் வங்கி வந்தது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது, நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் அழுதன. அதன் விளைவாக 1962 முதல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது. 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அது பாதுகாக்கிறது. நிதி நிறுவனங்களில் ஏமாந்தோருக்காக 1997-இல் தமிழக அரசு தனிச் சட்டமே இயற்றியது. ஆயினும் 2022-இல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்னும் நிறுவனம், மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாகக் கூறி, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல்துறை அறிவித்தது. சட்டம் கரையை உயர்த்தலாம். கசிவைக் கண்டவன் கூவ வேண்டும் என்ற மனத்தைச் சட்டம் தர இயலாது.

இதுவரை பிறர் குற்றத்தைப் பேசினேன். இனி என் குற்றத்தைப் பேச வேண்டும். அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம், 2001-ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய பங்குக்கு அருகிலிருந்த கடைத்தெருவில் ஒரு நிதி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். தேர்த் திருவிழாவுக்கு விளக்கு அலங்காரச் செலவு முழுவதையும் ஏற்றவர். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றார். அலுவலகத்தை மந்திரித்துத் திறந்து வைக்க என்னை அழைத்தார். நான் சென்றேன். தீர்த்தம் தெளித்தேன். நாடாவை வெட்டினேன். அந்தப் புகைப்படம் அங்கே சுவரில் தொங்கியது. சர் ஜார்ஜின் பட்டம் சென்னையில் செய்த வேலையை என் வெள்ளை அங்கி அந்தக் கடைத்தெருவில் செய்தது.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அங்கே கணக்கெழுதிய இளைஞன் ஒருநாள் மாலை பங்கு இல்லத்துக்கு வந்தான். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக அன்று. திண்ணையில் அமர்ந்து பேசத்தான். “சாமி, வெளியே கடன் கொடுத்தது எதுவும் திரும்பி வரல. புதுசா வர்ற பணத்தை எடுத்துத்தான் பழைய ஆளுங்களுக்கு வட்டி கொடுக்கிறோம்” என்றான். நான் என்ன செய்தேன்? செபிக்கும்படி அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். உறுதியாகத் தெரியாததைப் பேசினால் அவதூறாகிவிடும் என்று எண்ணினேன். பேசினால் நிறுவனம் உடனே விழுந்து ஏழைகளே பாதிக்கப்படுவர் என்றும் எண்ணினேன். இரண்டும் நியாயமான எண்ணங்கள். ஆனால் அடுத்த மாதம் திருவிழா வருகிறது, விளக்குக்கு யாரிடம் போவது என்ற எண்ணமும் அவற்றின் அடியில் இருந்தது. அதை அன்று நான் எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

பதினொரு வாரங்கள் கழித்து அந்நிறுவனம் பூட்டப்பட்டது. பணம் இழந்தோரில் ஒருவர், வேர்க்கடலை பறிக்கும் கூலிவேலை செய்துவந்த கைம்பெண். சாலை விபத்தில் இறந்த கணவருக்குக் கிடைத்த இழப்பீட்டிலிருந்து நாற்பதாயிரம் ரூபாயை, பெண்ணின் திருமணத்திற்காக அங்கே போட்டிருந்தார். அவர் என்மேல் கோபப்படவில்லை. “நீங்க மந்திரிச்சுத் தொறந்த எடம்னுதானே சாமி போட்டேன்” என்று மட்டும் சொன்னார். எப்போது போட்டீர்கள் அம்மா என்று கேட்டேன். இரசீதை எடுத்துக் காட்டினார். அந்த இளைஞன் என் திண்ணையில் அமர்ந்து பேசிய நாளுக்கு மூன்று வாரங்கள் பிந்திய தேதி அது.

அன்றிரவு குருமடத்துப் பாடக் குறிப்பேடு ஒன்றைத் தேடி எடுத்தேன். பிறருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் யார் என்பதற்கு அக்குவினாஸ் ஒன்பது வழிகளை எண்ணுகிறார்: கட்டளையிட்டவர், ஆலோசனை கூறியவர், இசைந்தவர், புகழ்ந்து ஊக்கியவர், புகலிடம் தந்தவர், பங்கு பெற்றவர், மௌனமாக இருந்தவர், தடுக்காதவர், வெளிப்படுத்தாதவர். கடைசி மூவர் எப்போதும் கடமைப்பட்டவர் அல்லர். பேசவும் தடுக்கவும் தம் பொறுப்பினால் கடமைப்பட்டிருந்தால் மட்டுமே அவர்களும் ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர் தெளிவு. வழிப்போக்கன் மௌனம் வேறு, காவலன் மௌனம் வேறு. நான் யார்? வழிப்போக்கனா? அந்தச் சுவரில் தொங்கிய புகைப்படத்தில் நாடாவை வெட்டியவன் தன்னை வழிப்போக்கன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

வைப்பாளர்களிடம் கை நீட்டியவன் நான் அல்லன். ஆனால் நீட்டிய கைக்கு நம்பகத்தைக் கொடுத்தது என் கை. கசிவைக் கண்ட பின் அந்தக் கையை நான் விலக்கியிருக்க வேண்டும். அவதூறு பேச வேண்டியதில்லை. ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. அந்தப் புகைப்படத்தைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். ‘இனிப் புதிதாக ஒருவரிடமும் வாங்காதே, வாங்கினால் நானே பேசுவேன்’ என்று அவரிடம் நேரில் சொல்லியிருக்கலாம். கேட்டவரிடம், ‘நான் இதற்குப் பொறுப்பில்லை’ என்றாவது கூறியிருக்கலாம். இவற்றில் எதுவும் என்னால் இயலாதது அன்று.

எரிகோ நகரத்துச் சக்கேயுவை நாம் அறிவோம். ஆண்டவரைத் தன் வீட்டில் வரவேற்ற மகிழ்ச்சியில் அவன் பாடல் பாடவில்லை, கணக்குப் பார்த்தான். ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த பிறகே அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். மனம் வருந்துதல் கண்ணீரில் தொடங்கலாம். திருப்பித் தருதலில்தான் அது முடிய வேண்டும். ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவத்தை அறிக்கையிடுவோர், எடுத்ததைத் திருப்பித் தரும் மனமின்றி மன்னிப்பை மட்டும் நாடுவது திருச்சபையின் போதனை அன்று.

அந்தத் தாயின் நாற்பதாயிரத்தை நான்கு ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தேன். முதல் தவணையைக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். “இது தர்மம் இல்லை அம்மா, கடன்” என்று சொன்ன பிறகே வாங்கினார். அந்த இளைஞன் வந்துபோன நாளுக்குப் பின் பணம் போட்டவர்கள் வேறு சிலரும் இருந்தனர். அவர்களுக்கு நான் கொடுக்கவில்லை. கொடுக்க என்னிடம் இல்லை. அவர்கள் பெயர்கள் எழுதிய தாள் இன்னும் என் செபப் புத்தகத்தில் இருக்கிறது. செபம் ஈடாகிவிடும் என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. கடன் தீரவில்லை என்பதை மறக்காமலிருக்கவே அதை வைத்திருக்கிறேன்.

வாசகர்களுள் பலர் வங்கியில் பணியாற்றலாம்; சீட்டு நடத்தலாம்; மகளிர் குழுவின் கணக்கை எழுதலாம்; பங்கின் நிதிக்குழுவில் அமர்ந்திருக்கலாம். நம்மில் யாரும் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் அளவுக்கு உயரப் போவதில்லை; ஆகவே அந்த அளவுக்கு வீழப் போவதுமில்லை. ஆனால் குழுவின் பணத்தில் கொஞ்சம் குறைந்திருப்பதை அறிந்த பின்னும் அடுத்த வாரச் சந்தாவை வாங்கிக் கையொப்பமிடும் கணம் நமக்கும் வரும். அக்கணத்தில் நம் பெயர் எவ்வளவு நல்ல பெயராக இருக்கிறதோ, அவ்வளவு பெரியதாக இருக்கும் நாம் செய்யும் கேடு.

சென்ற கார்த்திகையில் மீண்டும் பனமலைக் கரையில் நடந்தேன். அந்த முதியவர் இப்போது இல்லை. அவர் காட்டிய இடத்தில் மண் கொட்டி இறுக்கியிருந்தார்கள். மேலே புல் முளைத்திருந்தது. நின்று, குனிந்து, வெளிச்சரிவில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அப்பால் நடந்தேன்.